முன்சக்கரம் மண்ணை விடாது

ஒப்பீட்டுத் தாள் எழுதுவதைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். டிராக்டர் விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அது உபயோகமாக இருக்கும் என்று உங்கள் மேலதிகாரி சொன்னாராம். நல்ல மனிதர். நான் எதை எழுதப் போகிறேன் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

வாங்க வருகிறவர்கள் கையில் கொடுக்கும் ஒப்பீட்டுத் தாளை எழுதுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இடது பக்கம் நம் வண்டி, வலது பக்கம் அடுத்தவன் வண்டி. நமக்கு எதில் கூடுதலோ அதை மேலே போட வேண்டும், எதில் குறைச்சலோ அந்த வரியையே காணாமல் செய்துவிட வேண்டும். ஒரு முறை நம் வண்டி டீசல் குறைவாகக் குடிக்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டோம். பொய்யில்லை, அளந்து பார்த்துத்தான் போட்டோம். ஆனால் கலப்பையைத் தரையில் இறக்காமல் வெறுமனே ஓட்டி அளந்தது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தி.நகர் ஆபீஸுக்கே வந்து, "சும்மா ஓட்டிப் பார்க்கவாம்மா நான் வண்டி வாங்கினேன்?" என்று கேட்டார். காபி கொடுத்து அனுப்பி வைத்தோம். அதை நான் வேடிக்கைக் கதையாகப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீஸே சிரிக்கும்.

இனிச் சொல்லப்போவதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தபோது நடந்தது.

நம் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்து ஒப்பிடும்போது, தாளை எழுதுகிறவர் அந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அச்சுக்குப் போகும் கடைசிப் பிரதியின் பின்பக்கத்தில் 'நேரில் பார்த்தேன்' என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏசி அறையில் உட்கார்ந்து கதை அளக்கக் கூடாது என்பதற்காக யாரோ புண்ணியவான் கொண்டுவந்த விதி. எனக்கு அந்த விதியில் ஏகப் பெருமை. வெயிலில் நின்று பார்த்தவள் என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரிவேன். பார்த்ததை எல்லாம் எழுதினேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தத் தடவை ஓட்டிப் பார்த்த இடம் பெருங்குடி. குப்பைக் கிடங்குக்குக் கொஞ்சம் தள்ளி, இடிபாட்டு மண் கொட்டி மேடாக்கிய ஒரு வெற்றிடம். மேலே ஏற ஒரு சரிவு. சுமை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு அந்தச் சரிவில் எந்த வண்டி ஒழுங்காக ஏறுகிறது என்பதுதான் போட்டி. பின்னால் சுமை இழுக்கும்போது டிராக்டரின் முன்பக்கம் தூக்கும். ரொம்பத் தூக்கினால் அப்படியே பின்னால் மல்லாந்து, ஓட்டுகிறவர் மேலேயே விழும். இந்தத் தொழிலில் இதைவிடப் பயப்பட வேண்டிய விஷயம் வேறு இல்லை.

காலை ஏழு மணி இருக்கும். கிடங்கிலிருந்து புகை வந்து தரையோடு படிந்திருந்தது. பத்தடி தள்ளி நிற்பவரின் இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. நானும், மேலாளரும், படம் எடுப்பவரும், இரண்டு டிரைவர்களும், பாயும் மட்டும்தான் இருந்தோம். பாய் என்றால் சிந்தாதிரிப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இருபது வருடமாக எங்கள் வண்டிகளைப் பார்ப்பவர்.

பாய் குனிந்து எங்கள் வண்டியின் மூக்கில் இரும்புக் கட்டிகளை மாட்டிக்கொண்டிருந்தார். முன்பக்கம் தூக்காமல் இருக்க மாட்டுகிற எடைகள். வாங்குகிறவர் தனியாகக் கேட்டால்தான் கிடைக்கும், வண்டியோடு வராது. மாட்டி முடித்ததும் அதன்மேல் கம்பெனி பேனரை இழுத்துக் கட்டினார்கள். அடுத்த கம்பெனி வண்டிக்கு எடையும் இல்லை, பேனரும் இல்லை.

"இது மாட்டலைன்னா?" என்று பாயிடம் கேட்டேன்.

"மாட்டலைன்னா நம்ம வண்டியும் எகிறும் மேடம். இரும்பு எல்லாம் ஒரே சாதிதானே."

மேலாளர் மயிலாப்பூர்க்காரர், மெதுவாகத்தான் பேசுவார். "பேனர் கட்டறது எப்பவும் உள்ளதுதானே சுகந்தி? எடையும் நம்ம சாமான்தான். இதுல என்ன பொய் இருக்கு, சொல்லு," என்றார். யோசித்துப் பார்த்தேன். தனித்தனியாக எடுத்தால் ஒன்றிலும் பொய் இல்லை. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் வண்டி பூனை மாதிரி ஏறிப் போயிற்று. அடுத்த வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டடி தூக்கின. படம் எடுப்பவர் குஷியாகிவிட்டார். ஆபீஸுக்குத் திரும்பும்போதே வரி எனக்கு வந்துவிட்டது: 'எந்த மேட்டிலும் முன்சக்கரம் மண்ணை விடாது.' மேலாளர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்து, "இது நிக்கும்," என்றார்.

மறுநாள் படங்களைப் பார்த்தபோதுதான் அந்த ஆளைக் கவனித்தோம். எங்கள் வண்டிக்குப் பக்கவாட்டில், புகைக்குள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். நீலச் சட்டை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தான். அடுத்த வண்டி அந்தரத்தில் தூக்கி நிற்கிறது, அதைப் பார்க்கவில்லை. எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் இரண்டு எட்டு நெருங்கி வந்திருந்தான். கடைசிப் படத்தில் பிச்சை கேட்பதுபோல ஒரு கையை நீட்டியிருந்தான்.

அங்கே அப்படி ஒருவனை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. படம் எடுத்தவருக்கே தெரியவில்லை. "குப்பை பொறுக்க வந்தவனா இருப்பான் மேடம், அந்தப் பொகையில யாருக்குத் தெரியும்," என்றார் பாய். நியாயமான பதில்தான். ஆனாலும் அந்தப் படங்களை நான் தனியாக உட்கார்ந்து பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அவன் தள்ளி நிற்கும் படமாக ஒன்றை எடுத்துத் தாளில் போட்டோம். விவசாயி ஒருவர் ஆர்வமாகப் பார்ப்பதுபோல நன்றாகவே இருந்தது. பின்பக்கம் 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தாள் வெளியே போய் ஒரு மாதம் இருக்கும். காலை பதினொரு மணிக்கு என் மேஜைத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் இஞ்சின் சத்தம். பிறகு ஒரு ஆண் குரல் என் வரியைச் சொன்னது. ஒரு எழுத்து பிசகாமல், மந்திரம் சொல்வதுபோல.

"எந்த மேட்டுலயும் முன்சக்கரம் மண்ணை வுடாது. மெய்யாலுமா மேடம்?"

ஏழுமலை என்று பேர் சொன்னார். பெருங்குடியில் டிரெய்லர் வைத்து இடிபாட்டு மண் அடிப்பவராம். பள்ளமான மனைகளை மேடாக்கும் வேலை. "பேப்பர்ல பின்னால நீலச் சட்டை போட்டுக்கினு நிக்கிறான் பாருங்க, அது என் தம்பி மேடம். அவன் பார்த்துக்கினு நிக்கிற வண்டியத்தான் வாங்கப் போறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. தூக்காதில்ல?"

மேலாளர் அறையில் இல்லை. யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. படத்தில் நின்ற ஆள் யாரென்று தெரிந்துவிட்ட நிம்மதி வேறு. "தூக்காதுங்க," என்றேன்.

"சந்தோசம் மேடம். என் தம்பி செத்து ஒரு வருசம் ஆவுது. அதே மேட்டுலதான். வேற கம்பெனி வண்டி, முன்னால எகிறி அவன் மேலயே வுழுந்துச்சு. என் ஊட்டுக்காரி என்னை வண்டியே தொடக் கூடாதுன்னுட்டா. இந்தப் பேப்பரப் பார்த்துட்டுத்தான் சரின்னா. சாமி மாடத்தாண்ட ஒட்டி வெச்சுக்கீறா."

நான் வாயைத் திறப்பதற்குள் இஞ்சின் சத்தம் பெரிதாகி, தொடர்பு அறுந்தது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஏசியைக் குறைக்கவா என்று பக்கத்து மேஜைப் பெண் கேட்டாள்.

மேலாளரிடம் போனேன். பேயைப் பற்றிப் பேசினால் ஓய்வுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று, வரியைப் பற்றி மட்டும் பேசினேன். அந்த வரியை எடுத்துவிடலாம், அல்லது முன் எடை மாட்டி ஓட்டியது என்றாவது போடலாம் என்றேன்.

"கடைசிப் பக்கத்துல துணைச் சாமான் பட்டியல்ல முன் எடை இருக்கே. படிக்கத் தெரிஞ்சவா படிச்சுக்கட்டும். நீ ஏன் மனசைப் போட்டு உழப்பிண்டு இருக்கே? அந்த ஆள் படம்தான் உறுத்தறதுன்னா அடுத்த அச்சுல அவனை எடுத்துடச் சொல்றேன்."

வரியை எடுக்கச் சொன்னேன், ஆளை எடுத்தார்கள். படத்தை ஒழுங்குபடுத்தும் பெண் என் கண் முன்னாலேயே அவனைத் துடைத்துவிட்டுப் புகையை நிரப்பினாள். அடுத்த வாரம் இரண்டாவது அச்சுக் கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் நீலச் சட்டையோடு, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். அச்சகத்தில் பழைய கோப்பையே எடுத்து ஓட்டிவிட்டார்களாம். நம்பத்தகுந்த காரணம்தான். அச்சகத்தில் நடக்காததா. ஆனாலும் அந்தக் கட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

அதற்குள் ஏழுமலை வண்டியை எடுத்துவிட்டார் என்று டீலர் சொன்னார். முன் எடை வாங்கினாரா என்று கேட்டேன். எதற்கு வாங்குகிறார், அதுதான் தூக்காத வண்டி ஆயிற்றே என்று சிரித்தார் டீலர். அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி அன்றைக்கே கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்று எங்கள் வண்டியில் முன் எடை மாட்டியிருந்தது, பேனர் அதை மறைத்திருந்தது, உங்கள் வண்டியில் அது கிடையாது, சரிவில் ஏற்றினால் தூக்கும்.

அந்தப் பக்கம் இஞ்சினை அணைத்தார்.

"நீ எந்தக் கம்பெனி?" என்றார்.

"அதே கம்பெனிதாங்க. அன்றைக்கு உங்களோடு பேசினது நான்தான். அந்த வரியை எழுதினதே நான்தான்."

"இன்னா கதை வுடறே? அந்த மேடம் கொரல் எனக்குத் தெரியாதா? அது வேற கொரலு. தூக்காதுன்னு அவங்க எம்மாந் தெளிவாச் சொன்னாங்க. எதிர்க் கம்பெனிக்காரன் உன்னை வெச்சுப் பேச வெக்கிறானா?" வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

பொய் சொன்னபோது என் குரல் அவர் காதில் அப்படியே பதிந்துவிட்டது. உண்மையைச் சொன்னபோது நான் யாரோ ஒருத்தி ஆகிவிட்டேன். அந்தக் குரல் எப்படி இருந்தது என்று அன்று இரவு வீட்டில் 'தூக்காதுங்க' என்று தனியாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை. பயந்துபோய் விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் சீக்கிரமே பாயைக் கூப்பிட்டேன். அன்று மாட்டிய எடைகள் அவர் பட்டறையில்தான் கிடந்தன. ஒரு கேள்வி கேட்கவில்லை அவர். "நானும் மாட்டினவன்தானே மேடம்," என்று மட்டும் சொல்லி, அவற்றைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் மந்தைவெளியில் பறக்கும் ரயிலைப் பிடித்துப் பெருங்குடியில் இறங்கி ஆட்டோ வைத்துக்கொண்டு, ஏழுமலை மண் அடிப்பதாக டீலர் சொன்ன அதே மேட்டுக்குப் போனேன்.

அன்றும் புகை. சரிவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடந்து, ஓரிடத்தில் நின்றேன். இஞ்சின் சத்தம் கீழேயிருந்து ஏறி வந்தது. தொலைபேசியில் கேட்ட அதே சத்தம். "ஏழுமலை, நிறுத்துங்க," என்று கத்தினேன். புகைக்குள்ளிருந்து முதலில் வந்தவை இரண்டு முன்சக்கரங்கள். என் நெஞ்சு உயரத்தில் வந்தன. மண்ணில் இல்லை அவை. காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே மேலே போயின. அதற்குப் பின்னால், சாய்ந்த இருக்கையில், ஒரு மனிதர் என்னைப் பார்த்தார்.

அவர் காலைக் கிளட்சில் அழுத்தினார். வண்டி தடாலென்று முன்னால் விழுந்தது. டிரெய்லர் பின்னால் உருள ஆரம்பித்தது, பாய் எங்கிருந்தோ ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் ஒரு கான்கிரீட் துண்டைத் தள்ளினார். அது நின்றது. இஞ்சின் அணைந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழுமலை இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"நீலச் சட்டைன்னு நெனச்சேன்," என்றார். "அவன்தான் நிக்கிறான்னு நெனச்சுத்தான் கிளட்சு மிதிச்சேன்."

நான் நீலப் புடவை கட்டியிருந்தேன். எங்கே நிற்கிறேன் என்று அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். படத்தில் அவன் நின்ற பக்கம்தான் அது.

"நான்தாங்க அந்த மேடம்," என்றேன். "தூக்காதுன்னு சொன்னது நான்தான். மன்னிச்சுக்குங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பாய் எடைகளை மாட்டி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இப்போ தூக்காதா?" என்று கேட்டார். எனக்கு வாயில் வரி வரவில்லை. சுமையைக் குறைத்து ஏற்றுங்கள், ரொம்பச் செங்குத்தாகப் போகாதீர்கள், அப்போதும் தூக்காது என்று நான் சொல்ல மாட்டேன் என்றேன். முதல் தடவையாக அவர் என் குரலை நம்பினார் என்று தோன்றியது.

"இத்த என் ஊட்டுக்காரிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க," என்றார்.

போனேன். ஒற்றை அறை வீடு. சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தம்பியின் படம், மாலையோடு. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தான். பக்கத்திலேயே என் தாள், மூலைகளில் மஞ்சள் வைத்து. அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரும்பு, பேனர், கையெழுத்து, தொலைபேசியில் சொன்ன பொய். அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேனர் எங்க கட்டினு இருந்துச்சு?" என்று கேட்டார்.

விரலை வைத்துக் காட்டினேன்.

"என் கொழுந்தன் அத்தத்தான் பார்த்துக்கினு கீறான்," என்றார். "வண்டியப் பார்க்கல. நாங்கதான் வண்டியப் பார்க்கிறான்னு நெனச்சுக்கினோம்."

நானும் என் கழுத்தை அவனைப்போலச் சாய்த்துப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே, பேனர் ஓரம் கொஞ்சம் விலகியிருந்த இடத்துக்கு அவன் கண் போயிருந்தது. பக்கவாட்டில் நின்று அப்படிச் சாய்த்துப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் இரும்பு தெரியும்.

அன்று மத்தியானம் ஆபீஸுக்குப் போய், அந்தத் தாள் இனி வெளியே போனால் என் கையெழுத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் கோபப்பட்டார், பிறகு தாளை நிறுத்தினார். ஏழுமலை இன்றும் வண்டி ஓட்டுகிறார். பாதிச் சுமைதான் ஏற்றுகிறார் என்று பாய் சொன்னார்.

அது பேயா, குப்பை பொறுக்க வந்தவனா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அந்தப் படங்கள் உங்கள் ஆபீஸில் பழைய கோப்புகளோடு இருக்கும். 'நேரில் பார்த்தேன்' என்று எழுதப் பேனாவை எடுக்கும் முன் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அந்த மத்தியானம்தான் நான் கடைசிப் படத்தை மறுபடி திறந்தேன். அவன் கை பிச்சை கேட்கவில்லை. பேனர் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத்தான் நீண்டிருந்தது.